கடலடிப் பாறையும் காப்புறையும்

1795ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலையைக் கைப்பற்றும் நோக்குடன், பீட்டர் ரெய்னியர் என்னும் தளபதியின் தலைமையில் ஆங்கிலக் கப்பற்படையொன்று வந்து சேர்ந்தது. அப்படையில் 44 பீரங்கிகளைத் தாங்கிய டயோமீட் என்னும் போர்க்கப்பலும் இருந்தது. கோட்டை முற்றுகை தொடங்குவதற்கு முன்னரே, நீர்மட்டத்தின் கீழ் மறைந்திருந்த பாறையொன்றில் மோதி அக்கப்பல் கடலில் ஆழ்ந்தது. பின்னாளில் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அரண் அம்மாதம் 26ஆம் நாள் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது என்பது வரலாறு. ஆயின், எதிரியின் பீரங்கி செய்யாத வேலையை ஒரு பாறை செய்து முடித்தது. அப்பாறை அவர்களுடைய கடற்படத்தில் குறிக்கப்பட்டிருக்கவில்லை, குற்றம் அவ்வளவே. கோணேசர் மலையடியில் தலைமுறை தலைமுறையாக வலை வீசிய மீனவர் அதனை அறிந்திருப்பர் என எண்ணுவது பிழையாகாது. ஆனால் அவர்களுடைய அறிவு வாய்மொழியில் இருந்தது, ஏட்டில் இருக்கவில்லை.

இன்று திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பலைத் தலைவன் தானே உள்ளே செலுத்தி வருவதில்லை. பைலட் எனப்படும் துறைமுக வழிகாட்டி வெளிக்கடலிலேயே கப்பலில் ஏறிக்கொள்வார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பனவெல்லாம் அவருடைய பொறுப்பு. பாறைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கப்பலுக்கும் பாறைக்கும் இடையே அறிந்த ஒருவர் நிற்கிறார் என்பதே வேறுபாடு.

இத்துறைமுகக் கதைக்கும் கணினிக்கும் யாது தொடர்பு என நேயர்கள் வினவலாம். கணினியின் உள்ளேயும் அத்தகைய கடலொன்று உண்டு. அதனுடைய பாறைகளையும், அவற்றை அறிந்த முதியோரையும், அவர்தம் வாய்மொழி அறிவை ஏட்டில் ஏற்ற முயன்றபோது விளைந்த பூசலையும் பற்றியதே இவ்வரலாறு.

கணினியின் எல்லாச் செயல்களையும் ஆளுகின்ற செய்நிரல் தொகுதியைப் பணிசெயல் முறைமை என்பர். அதன் நடுப்பகுதி கேர்னல் எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுவதும், தட்டிலே கோப்புகளை எழுதுவதும், வலையமைப்பில் செய்தி அனுப்புவதும் கேர்னலின் வேலைகள். வேறு எந்தச் செய்நிரல் பிழைசெய்தாலும் அச்செய்நிரல் ஒன்றே நிற்கும். கேர்னல் பிழைசெய்தால் பொறி முழுவதும் நின்றுவிடும். அது மட்டுமன்று, அப்பிழையைக் கண்டுகொண்ட தீயோன் ஒருவன் பொறி முழுவதையும் தன்வயப்படுத்தவும் கூடும்.

இன்றைய கேர்னல்களிற் பெரும்பாலானவை சி என்னும் மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம், பிற நிறுவனங்களுடன் கூடி மல்டிக்ஸ் என்னும் பெரியதொரு பணிசெயல் முறைமையை ஆக்க முயன்று, 1969இல் அம்முயற்சியிலிருந்து விலகிற்று. அங்கே பணியாற்றிய கென் தொம்சன், சிறிய பொறியொன்றில் தாமாகவே ஒரு முறைமையை எழுதத் தொடங்கினார், அதுவே யுனிக்ஸ். அவருடைய தோழர் டெனிஸ் ரிச்சி அடுத்த சில ஆண்டுகளில் சி மொழியை வகுத்தார். 1973இல் யுனிக்ஸின் கேர்னல் சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. அக்காலப் பொறிகளின் நினைவகம் இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிடவும் ஒண்ணாத சிறுமையுடையது. ஆகவே சி மொழி சிக்கனமாயிற்று. எழுதுபவன் தன் செயலை அறிவான் என்று நம்பிற்று. அவனைக் காவல் காக்க முற்படவில்லை. அதனைக் குறையென்று இன்று கூறுவது எளிது. அன்றைய பொறியில் காவலுக்கும் இடமில்லை, காவலனுக்கும் இடமில்லை.

அந்த நம்பிக்கையின் விலை 1988 நவம்பர் 2ஆம் நாள் உலகுக்குத் தெரியவந்தது. அன்று ரொபர்ட் மொரிஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் வலையமைப்பில் விட்ட செய்நிரல் ஒன்று தானே பல்கிப் பெருகி, ஏறத்தாழ 6,000 பொறிகளைத் தாக்கியதாக மதிப்பிட்டனர். அது நுழைந்த வாயில்களுள் ஒன்று சி மொழியின் கெட்ஸ் என்னும் சார்பு. ஒரு வரியை வாசித்துத் தருவதே அச்சார்பின் வேலை. வருகின்ற வரி எவ்வளவு நீளமாயினும், கொள்கலன் எவ்வளவு சிறிதாயினும், அது கேள்வி கேளாது ஊற்றும். 512 எழுத்துக்கென ஒதுக்கிய இடத்தில் அதனினும் நீண்ட வரியை ஊற்றவே, மிகுதி வழிந்து பக்கத்து நினைவகத்தை அழித்து, அங்கே தன் கட்டளையை நிறுவிற்று. சி மொழியின் நியமத்திலிருந்து கெட்ஸ் நீக்கப்பட்டது 2011ஆம் ஆண்டில். ஊரறிந்த ஒரு பாறையைப் படத்தில் குறிக்க 23 ஆண்டுகள் சென்றன!

நிற்க. பின்லாந்து நாட்டு மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் கேர்னலை வெளியிட்டார். உலகெங்குமுள்ள ஆர்வலர் அதனை வளர்த்தனர். ஆண்ட்ரொய்ட் கைத்தொலைபேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் இன்று லினக்ஸ் இயங்குகின்றது. கொட்டியாரக் குடாவில் படகிலிருந்து வீட்டாரோடு பேசும் மீனவரின் கையிலும் அதுவே இருத்தல் கூடும். அது சி மொழியில் எழுதப்பட்டது. அதனுள்ளே பல்லாயிரம் சார்புகள் உள்ளன. ஒவ்வொரு சார்புக்கும் எழுதப்பட்ட முகம் ஒன்றும் எழுதப்படாத வழக்கம் ஒன்றும் உண்டு.

எழுதப்படாத வழக்கம் என்பதனைப் பள்ளிக்கூட எடுத்துக்காட்டு ஒன்றினால் விளக்கலாம். ஒரு பாடசாலையின் சேர்வு இடாப்பை எண்ணிப் பாருங்கள். ஓர் இலக்கத்தைச் சொல்லி, அந்த மாணவனுக்குரிய பக்கத்தைத் தருமாறு இலிகிதரிடம் கேட்கிறீர்கள். அவ்விலக்கத்துக்குப் பக்கம் முன்னரே இருந்தால் அதனை எடுத்துத் தருவார். இல்லையேல், புதிய வெற்றுப் பக்கம் ஒன்றைத் தந்து, நீங்கள் நிரப்பி முடிக்கும்வரை வேறெவரும் அதனைப் பார்க்காதபடி பூட்டியும் வைப்பார். நிரப்பியபின் பூட்டைத் திறக்க வேண்டியது உங்கள் கடன். நிரப்ப இயலாது போயின் அப்பக்கம் பயன்படாது என்று அறிவிக்க வேண்டியதும் உங்கள் கடனே. சில வேளைகளில் தாள் இன்மையால் இலிகிதர் ஒன்றுமே தராமலும் விடுவார்.

லினக்ஸில் கோப்புகளின் விவரப் பதிவை எடுத்துத் தரும் ஐகெட்-லொக்ட் என்னும் சார்பு ஏறக்குறைய இதனையே செய்கிறது. ஆனால் சார்பின் முகத்தை மட்டும் பார்ப்பவனுக்கு, அது ஒரு சுட்டியைத் திருப்பித் தரும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கிடைத்தது பழைய பக்கமா, புதிய பக்கமா என்பதை அப்பதிவினுள்ளே இருக்கும் ஒரு சிறு குறியைப் பார்த்தே அறிதல் வேண்டும். பார்க்க மறந்தால், நிரப்பிய பக்கத்தின்மேல் மீண்டும் எழுதுவான். அல்லது புதிய பக்கத்தின் பூட்டைத் திறவாது போவான், அதனை நாடி வருவோர் அனைவரும் முடிவின்றிக் காத்திருப்பர். அனுபவமுள்ளோர் இவற்றை நன்கறிவர். புதியவர்கள் பாறையில் மோதியே அறிகின்றனர்.

மோதல்கள் எவ்வளவு? தமது மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதனால் எழுந்தவை என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் 2019இல் தெரிவித்தது. 2024 ஜூலை 19ஆம் நாள் நிகழ்ந்ததோ எவரும் மறக்கவொண்ணாதது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்புச் செலுத்தி, கேர்னலினுள் இருந்துகொண்டு, 20 மதிப்புகளே தரப்பட்டிருந்த இடத்தில் 21ஆவதை வாசிக்க முற்பட்டது. அது லினக்ஸ் அன்று, விண்டோஸ். ஆயினும் பாறை அதே இனத்தது. ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின; விமான நிலையங்களிலே மக்கள் தரையில் படுத்துறங்கினர். இல்லாத ஒன்றை எண்ணி வாசித்தமைக்கு அத்துணை விலை.

இத்தகைய பிழைகளை எழுதும்போதே தடுக்க முயன்ற மொழிகள் பலவற்றுள் ரஸ்ட் என்பது ஒன்று. கனடாவில் வாழ்ந்த கிரெய்டன் ஹோர் 2006இல் அதனைத் தொடங்கினார். தாம் குடியிருந்த உயர்மாடிக் கட்டடத்தின் மின்தூக்கி, செய்நிரற் பழுதினால் நின்றுபோக, 21ஆம் மாடிக்கு நடந்தேறிய சலிப்பே அதற்குத் தூண்டுதலாயிற்று என்பர். மொசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த அம்மொழியின் முதலாம் நிலைபெற்ற பதிப்பு 2015 மே மாதத்தில் வெளியாயிற்று. ஒரு பொருளுக்கு உடையவன் ஒருவனே. இரவல் வாங்கியவன் உடையவன் இருக்கும்வரையே வைத்திருக்கலாம். இருவர் ஒரே வேளையில் அதனை மாற்றுதல் ஆகாது. இவை அம்மொழியின் அடிப்படை விதிகள். விதி மீறினால் தொகுப்பான் அச்செய்நிரலை ஏற்காது. ஓடும்போது தவறுவதற்குப் பதிலாக, ஓடத் தொடங்குமுன்னரே மறுக்கப்படும்.

ஆனால் லினக்ஸின் கோடிக்கணக்கான வரிகளைத் திரும்ப எழுதுதல் நடவாத காரியம். ஆகவே, பழைய சி சார்புகள் இருந்தபடியே இருக்க, புதிதாக எழுதும் செலுத்திகளை மட்டும் ரஸ்டில் எழுதலாம் என்னும் எண்ணம் பிறந்தது. ஸ்பெயின் நாட்டவரான மிகேல் ஒஹேடா 2021 ஏப்ரிலில் அதற்கான முன்மொழிவைப் பலர் அறிய வைத்தார். 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு, பரிசோதனை என்னும் பெயரோடு, இடம் கிடைத்தது.

இங்கேதான் காப்புறை வருகின்றது. சி சார்புகளின் பெயரையும் வடிவையும் ரஸ்டுக்கு மொழிபெயர்க்கும் வேலையை ஒரு கருவி தானாகவே செய்துவிடும். ஆனால் அது சொல்லை மட்டும் பெயர்க்கும் துபாஷியைப் போன்றது, வழக்கத்தை அறியாது. அவ்வாறு பெயர்த்த சார்பை நேரே அழைத்தால், ரஸ்டின் விதிகள் அங்கே செல்லுபடியாகா. ஆதலின் அவ்வழைப்பு காப்பற்றது எனக் குறியிடப்பட்ட பகுதிக்குள்ளேயே நிகழ வேண்டும் என்பது ரஸ்டின் சட்டம். வழக்கமறிந்த ஒருவர், அக்காப்பற்ற அழைப்பைச் சுற்றி ரஸ்டிலே ஒரு மேற்சார்பை எழுதுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அம்மேற்சார்பு மட்டுமே தெரியும். அதுவே காப்புறை.

இடாப்பு எடுத்துக்காட்டையே மீண்டும் கொள்வோம். காப்புறை போர்த்தப்பட்ட இலிகிதர், வெறும் பக்கத்தைத் தருவதில்லை. பழைய பக்கமாயின் பழையது என்று பெயரிட்டும், புதியதாயின் புதியது என்று பெயரிட்டும், ஒன்றும் இல்லையாயின் இல்லை என்று பெயரிட்டும் தருகிறார். மூன்றுக்கும் தரவு வகை வெவ்வேறு. கிடைத்தது எதுவென்று பாராமல் மேலே செல்லத் தொகுப்பான் விடாது. புதிய பக்கத்தை நிரப்பி ஒப்படைத்த கணமே பூட்டுத் தானே திறக்கும். நிரப்பாமல் கைவிட்டால் அப்பக்கம் தானே பயனற்றதாக அறிவிக்கப்படும். பொதுப் பூட்டுகளுக்கும் இவ்வாறே: காக்கப்படும் பொருள் பூட்டின் உள்ளேயே வைக்கப்படுவதால், திறவுகோலைப் பெறாதவன் பொருளைத் தொடவே இயலாது, திறவுகோல் கைநழுவும்போது பூட்டுத் தானே மூடிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. காப்பற்ற பகுதி ஒவ்வொன்றின் தலையிலும், இவ்வழைப்பு இவ்விடத்தில் ஏன் தீங்கற்றது என்பதனைக் காரணத்தோடு எழுதி வைத்தல் லினக்ஸில் கட்டளையாக்கப்பட்டது. தொகுப்பானால் மெய்ப்பிக்க இயலாததை மனிதன் தன் கையெழுத்தில் உறுதிகூற வேண்டும். ஐம்பதாண்டு வாய்மொழி வழக்கம் ஏட்டில் ஏறிய இடம் இதுவே.

ஏட்டில் ஏற்றுவதற்கு ஏடறிந்தோரிடம் கேட்க வேண்டுமன்றோ? பூசல் அங்கே தொடங்கிற்று. 2024 மே மாதத்தில், கோப்பு முறைமைகளைப் பேணுவோரின் மாநாட்டில், வெட்சன் அல்மைடா ஃபில்ஹோ என்பவர் மேற்சொன்ன ஐகெட்-லொக்ட் சார்புக்கான காப்புறையையே எடுத்துக்காட்டி விளக்கினார். அவையோர் அதனை இன்முகத்துடன் ஏற்கவில்லை. புதிய மொழியைக் கற்குமாறு தங்களை வற்புறுத்துவதாகச் சிலர் கருதினர். சி சார்பின் உட்பொருளை நாளை மாற்றினால் ரஸ்டிலுள்ள காப்புறை முறிந்துபோகும். அதனைச் செப்பனிடுவது யார் என்றும் கேட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெட்சன், தொழில்நுட்பம் சாராத சச்சரவுகளால் மனம் சலித்து, அப்பணியிலிருந்து விலகினார்.

முதியோர் பிடிவாதக்காரர் என்று இதனை ஒரு சொல்லில் முடித்துவிடுதல் நேர்மையன்று. துறைமுகத்தின் ஆழத்தைத் தோண்டி மாற்றுபவர் ஒருவர், கடற்படத்தைத் திருத்துபவர் வேறொருவர் என்றால், படம் பிழைபடும் நாள் தொலைவில் இல்லை. ஊதியம் பெற்றும் பெறாமலும் இருபது முப்பது ஆண்டுகள் ஒரு பகுதியைக் காத்தவருக்கு, தாம் வாசிக்க அறியாத மொழியில் தம் வீட்டுக் கதவுக்கு இன்னொருவர் கதவு மாட்டுவது அச்சம் தரவே செய்யும். ஆயினும் அவர்தம் தலையிலுள்ள வழக்கம் அவரோடே போய்விடுமாயின், அடுத்த தலைமுறை மீண்டும் டயோமீட்டின் பாதையிலேயே வர நேரும்.

2025இன் தொடக்கத்தில் பூசல் முற்றிற்று. கருவிகள் மையச் செயலியின் துணையின்றி நினைவகத்தில் நேரே எழுதுவதற்கான ஏற்பாட்டுக்குரிய காப்புறையை, அப்பகுதியின் பொறுப்பாளர்களுள் ஒருவரான கிறிஸ்டொஃப் ஹெல்விக் மறுத்தார். அக்காப்புறை அவருடைய பகுதிக்கு வெளியே, ரஸ்டின் அடைவிலேயே இருக்கும் என்று கூறியும் அவர் இணங்கவில்லை. ஒரே கேர்னலில் இரு மொழிகள் கலப்பது அதன் பேணலையே கெடுக்கும் என்பது அவருடைய துணிபு. வாதம் கடுமையாயிற்று. அப்பிள் பொறிகளில் லினக்ஸை இயக்கிய ஹெக்டர் மார்ட்டின் தம் பொறுப்பைத் துறந்தார். பெப்ரவரியில் டோர்வால்ட்ஸ் தீர்ப்புக் கூறினார்: ரஸ்டை விரும்பாத பொறுப்பாளர் அதனைத் தொட வேண்டியதில்லை, ஆனால் தம் சார்பை வெளியிலிருந்து யார் அழைக்கலாம் என்பதை அவர் கட்டுப்படுத்தவும் இயலாது. ஹெல்விக்கும் அம்மாதமே அப்பகுதியின் பொறுப்பிலிருந்து விலகினார். காப்புறை 6.15 பதிப்பில் இடம்பெற்றது.

இதற்கு மாறான காட்சியொன்று இந்தியாவிலிருந்து கிட்டுகிறது. செயலியின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் மின்கலத்தைச் சேமிக்கும் பகுதியைப் பேணுவோருள் ஒருவர் விரேஷ் குமார். ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய மின்னழுத்தம் ஓர் அட்டவணையில் இருக்கும். அதிலிருந்து ஒரு பதிவை எடுத்தவன் வேலை முடிந்ததும் அதனைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது சி மொழி வழக்கம். அப்பகுதிக்கான காப்புறைகளை விரேஷ் குமார் தாமே ரஸ்டில் எழுதினார். 2025 ஜூலையில் வெளியான 6.16 பதிப்பில் அவை சேர்ந்தன. பழைய வீட்டின் காவலரே புதிய கதவையும் செய்தமையால், செப்பனிடுவது யார் என்னும் கேள்வியே அங்கு எழவில்லை. இவ்வரலாற்றில் அடங்கிய ஒலியோடு நிகழ்ந்த இவ்வேலை, உரத்த வாதங்களைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது.

சி மொழியாளரும் வாளா இருந்தனர் அல்லர் என்பதையும் கூறவேண்டும். ஒரு பகுதியை விட்டு வெளியேறும்போது பூட்டைத் தானே திறக்கும் ஏற்பாடொன்றைப் பீட்டர் சைல்ஸ்ட்ரா 2023இல் சி மொழியிலேயே லினக்ஸுக்கு அளித்தார். மறந்தால் நினைவூட்டத் தொகுப்பான் இல்லை என்பதொன்றே அதன் குறை.

2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பொறுப்பாளர் மாநாட்டில், ரஸ்ட் இனிப் பரிசோதனை அன்று, கேர்னலின் நிலையான பகுதி என ஒருமனதாகக் கொள்ளப்பட்டது. ஆண்ட்ரொய்டில் 2019இல் பாதுகாப்புக் குறைகளுள் 76 விழுக்காடாக இருந்த நினைவகப் பிழைகள் 2025இல் 20 விழுக்காட்டினும் குறைந்தன என்று கூகிள் அறிவித்ததும் இதே காலத்திலேதான்.

அம்மாநாடு நிகழ்ந்த அதே மாதத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆண்ட்ரொய்டில் ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குச் செய்தி கொண்டுசெல்லும் பைண்டர் என்னும் பகுதி ரஸ்டில் எழுதப்பட்டு 6.18 பதிப்பில் சேர்ந்திருந்தது. அதிலே ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. லினக்ஸின் ரஸ்ட் பகுதியில் பதிவான முதற்குறை அதுவே. ரஸ்டை ஏளனம் செய்ய இருந்தோர்க்கு நல்வாய்ப்பு! ஆனால் குறை எங்கிருந்தது எனத் தேடியோர் நெடுந்தூரம் செல்ல நேரவில்லை. பட்டியலொன்றிலிருந்து உருப்படியை நீக்கும் காப்பற்ற பகுதி ஒன்றின் தலையில், அவ்வுருப்படி வேறெந்தப் பட்டியலிலும் இராது என்னும் உறுதிமொழி எழுதப்பட்டிருந்தது. அவ்வுறுதிமொழி பொய்த்துவிட்டது. வேறோரிடத்தில், பட்டியல் முழுவதையும் பூட்டின் காவலில் தனியிடத்துக்கு மாற்றி, பூட்டைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையாண்டுகொண்டிருக்க, அதே வேளையில் மற்றொரு கை உள்ளே நீண்டு உருப்படியொன்றை நீக்கியது. திருத்தம் சிறியதே: பட்டியலை வேறிடத்துக்கு மாற்றாமல், மூலப் பட்டியலிலிருந்தே உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுக்குமாறு மாற்றி எழுதினர். அதன்பின் உறுதிமொழி மெய்யாயிற்று.